கைப்பேசியில் பயிரைப் படம் பிடிப்பது எப்படி?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை நீங்கள் நன்கு அறிவீர்கள். மேலே கிடக்கும் சருகையும் குப்பையையும் அகற்றிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்தைப் போலக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். எருக்குவியல் ஓரத்திலும், மர நிழலிலும், வரப்பை ஒட்டியும் எடுக்கக் கூடாது. மாதிரி முறையாக இல்லையென்றால் ஆய்வுக்கூடம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் முடிவு தவறாகத்தான் வரும். இதை நாங்கள் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம், நீங்களும் கேட்டு வருகிறீர்கள்.

இன்று இன்னொரு வகை மாதிரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுதான் நீங்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பும் பயிர்ப் படம். முன்பெல்லாம் இலையில் ஒரு புள்ளி கண்டால் நான்கு இலைகளைப் பறித்துத் தாளில் சுற்றிக்கொண்டு பேருந்து ஏறி வருவீர்கள். வந்து சேர்வதற்குள் இலை வாடிச் சுருண்டிருக்கும். இப்பொழுது வரப்பில் நின்றபடியே படம் எடுத்து அனுப்புகிறீர்கள், ஒரு நிமிடத்தில் என் கைக்கு வந்துவிடுகிறது. மிகப் பெரிய வசதிதான். ஆனால் வருகின்ற படங்களில் பலவற்றுக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. பயிரில் நோய் இருக்கிறது, படத்தில் அது இல்லை.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் சம்பா நெல் வயலின் படம் ஒன்றை அனுப்பினார். மாலை வெயில் சாயும் நேரத்தில் வரப்பில் நின்று எடுத்த படம். வயலின் நடுவில் ஓரிடம் மஞ்சளாகத் தெரிந்தது. "பயிர் பழுக்குது தம்பி, என்ன போடலாம்?" என்று கேட்டிருந்தார். நான் படத்தைப் பார்த்தேன், மஞ்சளைக் கண்டேன், தழைச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டினேன். மேலுரமாக யூரியா இடச் சொன்னேன். அவரும் இட்டார். பத்து நாள் கழித்து அழைத்தார். நேரில் போய்ப் பார்த்தபோது வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, தீய்ந்தது போல் கிடந்தது. தூரை விலக்கிப் பார்த்தேன். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைச் சுற்றிலும் புகையான் அப்பிக்கொண்டிருந்தது. தழைச்சத்து மிகுந்தால் புகையான் பெருகும் என்பது மாணவர்களுக்கு நானே வகுப்பில் சொல்லும் பாடம். நோயாளிக்கு மருந்து கொடுப்பதாக எண்ணி நோய்க்குத் தீனி போட்டுவிட்டேன்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க போட்டோவப் பாத்துத்தானே சொன்னீங்க. போட்டோ எடுத்தது நான்தானே" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. இன்னொரு படம் கேட்காமல் விடை சொன்னது என் தவறு. ஆனால் அந்தச் சொல் என் மனத்தில் தைத்துவிட்டது. படம் எடுப்பவருக்கும் பார்ப்பவருக்கும் படக்கலையின் சில அடிப்படைச் சொற்கள் தெரிந்திருந்தால் அந்த வயலில் ஒரு பகுதியையாவது காப்பாற்றியிருக்கலாம். அந்தச் சொற்களைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவை கைப்பேசித் திரையிலேயே எழுதியிருப்பவை. என்னவென்று தெரியாமல் நாம் தள்ளிவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான்.

படம் என்பது புள்ளிகள்

தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறீர்கள். ஐந்து புள்ளி வைத்தால் சிறு பூ வரையலாம். மயிலும் தேரும் வரைய வேண்டுமானால் புள்ளிகள் நிறைய வேண்டும். டிஜிட்டல் படமும் இப்படியே. கைப்பேசியின் லென்சுக்குப் பின்னால் நகத்தளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குச் சென்சார், அதாவது உணரி என்று பெயர். அதில் ஒளியை உணரும் நுண்ணிய கண்கள் வரிசை வரிசையாக, நாற்று நட்டாற்போல் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணும் தன்மேல் விழுந்த ஒளியை அளந்து ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. அந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர். பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். உங்கள் கைப்பேசி 12 மெகாபிக்சல் என்றால், படத்தில் நீளவாக்கில் 4,000 புள்ளியும் உயரவாக்கில் 3,000 புள்ளியும், ஆக 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன என்று பொருள்.

1975-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதன்முதலாகக் கையில் தூக்கிச் செல்லத்தக்க டிஜிட்டல் கேமரா ஒன்றை உருவாக்கினார். அதன் எடை சுமார் மூன்றரைக் கிலோ. படத்தில் 100-க்கு 100, ஆகப் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி ஆயிற்று. இன்று உங்கள் சட்டைப் பையில் கிடப்பது அதைப் போல் 1,200 மடங்கு புள்ளிகளைப் பதிகிறது. இன்னொரு செய்தி, பயிர்த் தொழில் செய்யும் நாம் மகிழத்தக்கது. இந்தப் புள்ளிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல நிறத்தில் மிகச் சிறிய வடிகட்டிகள் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலான சென்சார்களில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கே ஒதுக்கப்பட்டவை. மீதிப் பாதியைத்தான் சிவப்பும் நீலமும் பங்கிட்டுக்கொள்கின்றன. மனிதக் கண் பச்சையொளியைத்தான் மிக நுட்பமாகக் காண்கிறது என்பதால் 1976-இல் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயர் என்பவர் அப்படி அமைத்தார்.

சரி, கடையில் 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை வாங்கலாமா என்று கேட்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சாதாரணமாகப் படம் எடுக்கும்போது பல புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கின்றன. பயிர்ப் படத்துக்காகப் புதிய கைப்பேசி வாங்கத் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல விதை வாங்குங்கள்.

இப்பொழுது என் தவறுக்கு வருவோம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். வரப்பில் நின்று எடுத்த படத்தில் 4 மீட்டர் அகலமுள்ள வயல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டருக்கு 4,000 புள்ளி. அப்படியானால் ஒரு செ.மீ.க்குப் பத்துப் புள்ளி. புகையானின் உடல் சுமார் 4 மி.மீ. நீளம். ஆகவே அந்தப் படத்தில் அதற்குக் கிடைப்பது நான்கே புள்ளி. அதை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பும்போது படம் சுருங்குகிறது. 4,000 புள்ளி அகலம் 1,600 அளவுக்கு வந்துவிடுவது உண்டு. இப்பொழுது புகையானுக்கு இரண்டு புள்ளிகூட இல்லை. இரண்டு புள்ளியில் கோலம் போட முடியுமா? அந்தப் படத்தை நான் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்திருந்தாலும் பூச்சி தெரிந்திருக்காது. அதுவும் பூச்சி இருந்தது தூரில், படத்தில் விழுந்தது மேல் இலை.

அதே கைப்பேசியைக் கீழே கொண்டுபோய், தூரை விலக்கி, படத்தில் 20 செ.மீ. அகலம் மட்டும் விழும்படி எடுத்திருந்தால்? ஒரு செ.மீ.க்கு 200 புள்ளி. புகையானுக்கு 80 புள்ளி. சுருங்கி வந்தாலும் 32 புள்ளி மிஞ்சும். இறக்கை தெரியும், நிறம் தெரியும், எண்ணிப் பார்க்கவும் முடியும். கேமராவை மாற்ற வேண்டியதில்லை, நாம்தான் குனிய வேண்டும்.

ஆகவே ஒரு படம் போதாது, குறைந்தது மூன்று வேண்டும். முதலில் வரப்பிலிருந்து வயல் முழுவதும் ஒன்று. பாதிப்பு வட்டமாக இருக்கிறதா, வரிசையாக இருக்கிறதா, வாய்க்கால் ஓரத்தில் மட்டுமா என்பது அதில்தான் தெரியும். அதை அற்பமாக நினைக்காதீர்கள். பிறகு ஒரு முழுச் செடி. அதன்பின் பாதிக்கப்பட்ட பாகம், மிக அருகில். இந்த மூன்றாவது படத்துக்குத்தான் பாடுபட வேண்டும். நெல்லாக இருந்தால் தூரையும் எடுங்கள். பருத்தி, கத்தரி, தென்னை என்றால் இலையின் அடிப்புறம் கட்டாயம் வேண்டும். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தென்னையைத் தாக்கியதை அறிவீர்கள். மட்டையின் மேற்புறம் கரி பூசியதுபோல் கறுப்பதுதான் நம் கண்ணுக்கு முதலில் படும். ஆனால் அது பூச்சி சுரக்கும் தேன் போன்ற கழிவின்மேல் வளரும் பூசணம். பூச்சியும் அது சுருள் சுருளாக இட்ட முட்டைகளும் ஓலையின் அடியில் இருக்கின்றன. மேற்புறத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் பூசணக்கொல்லி தெளிக்கச் சொல்லும் ஆளும் கிடைப்பார்.

போகஸ் என்னும் கூர்மை

முதியவர்கள் செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்தால் எழுத்து கலங்கும். சற்றுத் தள்ளிப் பிடித்தால் தெளியும். கேமராவுக்கும் இந்தக் குறை உண்டு. பெரும்பாலான கைப்பேசிகள் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்த பொருளைக் கூர்மையாகக் காணமாட்டா. அந்தக் கூர்மைக்குத்தான் போகஸ் என்று பெயர். புள்ளி எத்தனை கோடி இருந்தாலும் போகஸ் தவறினால் அத்தனையும் வீண். ஒரு சாண் தூரத்தில் தொடங்குங்கள். மெல்ல அருகே கொண்டுபோங்கள். கலங்கத் தொடங்கும் இடத்தில் இரண்டு விரற்கடை பின்வாங்குங்கள். பிறகு திரையில் அந்தப் புழுவின் மேலேயோ புள்ளியின் மேலேயோ விரலால் ஒருமுறை தொடுங்கள். "இதைப் பார்" என்று கேமராவுக்கு நாம் சொல்லும் முறை அது. தொடாவிட்டால் கேமரா தன் விருப்பம்போல் பின்னாலுள்ள வரப்பையோ உங்கள் விரலையோ பார்க்கும். எனக்கு வரும் படங்களில் விரல் ரேகை அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, இலைதான் மங்கல்.

காற்றில் ஆடும் இலையை இடது கையால் காம்பருகே பிடித்துக்கொள்ளுங்கள். வளைந்த இலையானால் ஓர் அட்டையின் மேல் தட்டையாகக் கிடத்துங்கள். மிக அருகில் எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் பகுதி மிகவும் மெல்லியது. இலையின் நடு நரம்பு தெளிவாக இருந்து ஓரம் கலங்கிவிடும்.

இலைப்பேன் போன்ற மிகச் சிறிய பூச்சியானால் பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்சு ஒன்றைக் கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒட்டினாற்போல் பிடித்து எடுக்கலாம். முயன்று பாருங்கள், வியந்துபோவீர்கள்.

ஜூம் என்று ஒன்று இருக்கிறதே, நின்ற இடத்திலேயே இரு விரலால் விரித்தால் போதாதா? போதாது. லென்சே நகர்ந்தோ மாறியோ பெரிதாக்குவது ஒரு வகை. அது உண்மையான ஜூம். விரலால் விரிப்பது பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம். இருக்கிற புள்ளிகளில் நடுவிலுள்ளதை மட்டும் வெட்டி இழுத்துக் காட்டுவது. ஒரு படி அரிசியைப் பெரிய அண்டாவில் பரப்பினால் இரண்டு படி ஆகிவிடுமா? திரையில் 2 என்று எழுதியுள்ள பொத்தானைத் தொட்டால் சில கைப்பேசிகளில் தனி லென்சே திறக்கும், அது நல்லது. அதற்கு மேல் விரிக்காமல் நடந்து செல்லுங்கள்.

ஒளியும் மடையும்

எக்ஸ்போஷர் என்ற சொல்லைத் திரையில் காண்பீர்கள். படத்துக்குள் எவ்வளவு ஒளி வந்தது என்பதே அதன் பொருள். வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் போல இதை எண்ணிக்கொள்ளலாம். மடையை அகலத் திறந்தால் விரைவில் பாத்தி நிரம்பும். குறுக்கித் திறந்தால் நேரம் பிடிக்கும். கேமராவில் ஒளி நுழையும் துளைதான் மடை. அதை அப்பெர்ச்சர் என்பார்கள். எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பது ஷட்டர் வேகம். பெரும்பாலான கைப்பேசிகளில் துளை மாறாதது. ஆகவே நேரத்தைத்தான் அது கூட்டிக் குறைக்கும். நண்பகல் வெயிலில் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். மாட்டுக் கொட்டகையில் விளக்கொளியில் எடுத்தால் பதினைந்தில் ஒரு பங்கு தேவைப்படலாம். அதற்குள் நம் கை ஆடிவிடும், இலையும் ஆடிவிடும். இருட்டில் எடுத்த படங்கள் கலங்கியிருப்பதற்குக் காரணம் இதுவே.

நேரமும் போதாதபோது கைப்பேசி இன்னொன்று செய்கிறது. தொலைவிலுள்ள வானொலி நிலையம் மெலிதாகக் கேட்கும்போது ஒலியைக் கூட்டுவோம் அல்லவா? பாட்டும் கூடும், கூடவே இரைச்சலும் கூடும். கேமராவில் இப்படிக் கூட்டுவதற்கு ஐ.எஸ்.ஓ. என்று பெயர். 100 என்றால் குறைவு, 3,200 என்றால் மிக அதிகம். அதிகமானால் படம் முழுவதும் மணல் தூவியதுபோல் நொய் நொய்யாகத் தெரியும். அதையும் நாய்ஸ், அதாவது இரைச்சல் என்றே சொல்கிறார்கள். சிலந்திப் பேன் தாக்கிய இலையில் நுண்ணிய வெளிர் புள்ளிகள் தோன்றும். இரைச்சல் நிறைந்த படத்தில் நல்ல இலையும் அப்படித்தான் தோன்றும். நான் எதை நம்புவது?

ஆகவே பகலில் எடுங்கள். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை வெளிச்சம் இதமானது, பூச்சிகளும் அவ்வளவாகப் பறக்கமாட்டா. பனித்துளி மட்டும் காயட்டும். உச்சி வெயிலில் எடுக்க நேர்ந்தால் இலையின் பளபளப்பு வெள்ளைத் திட்டாக விழுந்து சாம்பல் நோய்போல் ஏமாற்றும். உங்கள் உடம்பின் நிழல் இலைமேல் முழுவதும் விழும்படி நின்றுகொள்ளுங்கள். பாதி நிழலும் பாதி வெயிலுமாக மட்டும் வேண்டாம். பிளாஷ் விளக்கும் இதே கெடுதியைச் செய்யும்.

இலையை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து எடுக்கிறவர்கள் உண்டு. கேமரா வானத்தின் ஒளியை அளந்து, "போதும் போதும்" என்று மடையை மூடிவிடும். இலை கரியாகிவிடும். அப்போது இலையின்மேல் விரலால் தொட்டால் பக்கத்தில் சிறு சூரியன் குறி தோன்றும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். இது ஒன்றைக் கற்றுக்கொண்டாலே படங்களில் பாதி தேறிவிடும்.

நிறம் ஏமாற்றும்

அந்தப் பெரியவர் அனுப்பிய படம் மாலை வெயிலில் எடுத்தது என்றேன். மாலை ஒளி இயல்பாகவே மஞ்சளும் சிவப்பும் கலந்தது. குண்டு விளக்கின் ஒளி இன்னும் மஞ்சள். நிழலில் வரும் ஒளி சற்று நீலம். நம் கண் இதையெல்லாம் தானே சரிசெய்துகொண்டு வெள்ளை வேட்டியை எங்கும் வெள்ளையாகவே காட்டுகிறது. கேமராவோ எது வெள்ளை என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்துக்குத்தான் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெண்சமநிலை என்று பெயர். ஊகம் தவறினால் பச்சை இலை மஞ்சளாகும், மஞ்சள் இலை பச்சையாகும். போதாக்குறைக்குச் சில கைப்பேசிகள் இலை என்று கண்டதும் அழகுக்காகப் பச்சையைத் தாமே கூட்டிவிடுகின்றன. கலியாணப் படத்துக்கு அது சரி. பசலைச் சத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் படத்துக்கு அது பொய்ச் சாட்சி. அழகூட்டும் பில்டர், போர்ட்ரெய்ட் ஆகியவற்றைப் பயிர்ப் படத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இலையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டு வையுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால், இலையின் மஞ்சளிலும் அவ்வளவைக் கழித்துக்கொண்டு நான் பார்ப்பேன். தாளின்மேல் தொடாமல் இலையின்மேல் தொட்டு எடுங்கள். கூடவே ஒரு தீப்பெட்டியோ ஐந்து ரூபாய் நாணயமோ வைத்தால் அளவும் தெரிந்துவிடும். புழு ஒரு செ.மீ. நீளமா மூன்று செ.மீ. நீளமா என்பதைப் பொறுத்து மருந்தும் மாறும், மருந்தே வேண்டுமா என்பதும் மாறும்.

ஆனாலும் நெல்லுக்குத் தழைச்சத்து இடுவதைப் படத்தின் நிறத்தைக் கொண்டு ஒருபோதும் முடிவு செய்ய வேண்டாம். அதற்கென்றே இலை வண்ண அட்டை இருக்கிறது. உடம்பின் நிழலில், ஒரே ஆள், நாளின் ஒரே வேளையில், வயலிலேயே அட்டையோடு இலையை ஒப்பிட வேண்டும். என் திரையில் தெரியும் பச்சையும் உங்கள் திரையில் தெரியும் பச்சையும்கூட ஒன்றல்ல.

ஒரு நல்ல படம்

குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நல்லதையும் சொல்ல வேண்டும். மானாவாரி மக்காச்சோளம் பயிரிட்ட ஓர் அம்மையார் நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். படைப்புழு நம் நாட்டில் 2018-இல் கருநாடகத்தில் முதன்முதல் காணப்பட்டு, விரைவிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் பரவியது நினைவிருக்கும். வேறு புழுக்களும் குருத்தைத் தின்னும் என்பதால் இனத்தை உறுதி செய்வது இன்றியமையாதது. அந்த அம்மையார் வயல், செடி, எச்சம் நிறைந்த குருத்து ஆகியவற்றை எடுத்துவிட்டு, புழுவை எடுத்து எவர்சில்வர் டம்ளர் மூடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்து, நிழலில் எடுத்திருந்தார். தலையில் உண்டிவில் கவட்டையைத் தலைகீழாகப் பிடித்தாற்போன்ற வெளிர்க் கோடு தெரிந்தது. வால் பக்கம் கடைசிக்கு முந்திய கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தன. நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "ஆமாம் அக்கா, படைப்புழுதான்" என்று உடனே எழுத முடிந்தது. அவரிடம் இருந்தது திரை கீறல் விழுந்த பழைய கைப்பேசி.

நெல்லில் குலைநோய்க்கும் பழுப்புப் புள்ளி நோய்க்கும் வேறுபாடு காண்பதும் இப்படித்தான். குலைநோய்ப் புள்ளி கண் வடிவில் இரு முனையும் கூர்மையாக, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். மற்றது எள்ளைப் போல் முட்டை வடிவில் இருக்கும். அருகில் எடுத்த, தெளிவான, ஒரே ஒரு புள்ளியின் படம் போதும். நூறு இலைகளைத் தூரத்திலிருந்து எடுத்த படம் போதாது.

அனுப்புவதும் வைத்திருப்பதும்

படம் அனுப்பும்போது சுருங்குகிறது என்று சொன்னேன். அதைத் தவிர்க்க, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட், அதாவது ஆவணம் என்ற குறியைத் தொட்டு அனுப்புங்கள். மூலப்படம் அப்படியே வந்து சேரும். அளவு 3 அல்லது 4 எம்.பி. இருக்கும், ஒரு படத்துக்கு அது பெரிதல்ல. ஒருவர் அனுப்பியதை மற்றொருவருக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே போன படம் எனக்குப் பயன்படாது.

மூலப்படத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எடுத்த நாளும் நேரமும் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். இருப்பிடத்தைப் பதியும் வசதியை இயக்கி வைத்திருந்தால் இடமும் பதியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இந்த விவரங்கள் நீங்கிவிடும். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, நீர் தேங்கல் போன்ற குறிப்பிட்ட இடத்து இழப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நீர் வடிந்த பிறகு எடுத்த படத்தில் நீர் இருக்காது. முதல் நாளே எடுங்கள். பக்கத்து மரம், மோட்டார் அறை, மின்கம்பம் போன்ற அடையாளம் ஒன்று படத்தில் விழட்டும். வேண்டாத படங்களை அழிக்கும்போது பேரப்பிள்ளைகள் இதையும் சேர்த்து அழித்துவிடாமல் வயற்படங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தோடு நான்கு சொல்லும் எழுத வேண்டும். என்ன இரகம், நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன உரம், என்ன மருந்து, எப்பொழுது. இதை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. அதேபோல் வேர் அழுகல் நாற்றம், தண்டைப் பிளந்தால் உள்ளே இருக்கும் நிறம், மண்ணின் ஈரம் இவற்றையெல்லாம் படம் சொல்லாது. படத்தைப் பார்த்து எங்களால் முடிவு சொல்ல இயலவில்லை என்றால் வருந்தாதீர்கள், செடியைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு யாரேனும் மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னால், அவரிடம் எதைக் கண்டு சொல்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மருந்து தெளித்த கையோடு கைப்பேசியைத் தொடாதீர்கள். அந்தக் கைப்பேசியைத்தான் பிறகு காதில் வைக்கிறோம், குழந்தை கையில் கொடுக்கிறோம். படம் எடுப்பதைத் தெளிப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். தெளித்த பின் செத்துக் கிடக்கும் பூச்சியை எடுத்து அனுப்பி, இது என்ன பூச்சி என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்!

அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற பருவத்தில் மீண்டும் படம் அனுப்பினார், மூன்று படங்கள். மூன்றாவதில் அவருடைய இடது கை தூரை விலக்கிப் பிடித்திருக்கிறது, தண்டுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி. குத்துக்கு மூன்று நான்கு புகையான்தான் இருந்தன. அவற்றை உண்ணும் சிலந்தியும் ஒன்று தெரிந்தது. தண்ணீரை வடித்துக் காயவிடச் சொன்னேன், யூரியாவை நிறுத்தி வைக்கச் சொன்னேன். மருந்துச் செலவில்லாமல் அறுவடைக்கு வந்தது.

பேசியது போதும். பண்ணையின் பின்புறத்தில் கத்தரிப் பாத்தி இருக்கிறது, இலையின் அடியில் நிறையவே வெள்ளை ஈ இருக்கிறது, உங்களுக்காகத்தான் மருந்தடிக்காமல் விட்டு வைத்திருக்கிறோம். எல்லாரும் கைப்பேசியை வெளியே எடுங்கள். அதற்கு முன் கேமராவின் கண்ணை வேட்டி முனையாலோ சேலைத் தலைப்பாலோ மெல்லத் துடைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையின் வியர்வையும் எண்ணெயும் அதில் படிந்திருக்கும். வாருங்கள், போகலாம்.